கணிப்பொறிக் கோளாறுகள்: ஓசையுள்ளவையும் ஓசையற்றவையும்

நம் நாட்டு நிருவாகத்தில் கணிப்பொறி இடம் பெற்று நெடுங்காலமாகிவிட்டது. 1950-களின் நடுவில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முதல் மின்கணிப்பொறி நிறுவப்பட்டபோது, அதைக் கையாளத் தனிப் பயிற்சி பெற்ற அறிவியலார் தேவைப்பட்டனர். 1976-இல் தேசியத் தகவலியல் மையம் தோன்றியது. 1986-இல் புது தில்லியில் ரயில் பயண முன்பதிவு கணிப்பொறிக்கு மாறியது. இன்று தலைமைச் செயலகம் முதல் கிராம ஊராட்சி வரை கணிப்பொறியில்லாமல் ஒரு நாள் அலுவலும் நடைபெறுவதில்லை. ஆனால், கணிப்பொறி பரவிய அளவுக்கு அதன் கோளாறுகளை இனங்கண்டு நீக்கும் பழக்கம் பரவவில்லை. பொறி நின்றவுடன் பழுது பார்ப்பவருக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருப்பதே பெரும்பாலான அலுவலகங்களின் வழக்கமாக உள்ளது.

இக்கோளாறுகளை இரு வகையாகப் பிரித்துப் பார்ப்பது பயனுடையது. ஒரு வகை ஓசையுள்ளது: திரை இருண்டுபோகும், அச்சுப்பொறி நின்றுவிடும், எச்சரிக்கை வாசகம் தோன்றும். அனைவரும் அதை உடனே அறிவர். மற்றொரு வகை ஓசையற்றது: பொறி நன்றாகவே இயங்கும், கோப்பு திறக்கும், பட்டியல் அச்சாகும்; ஆனால் உள்ளே ஓர் இலக்கமோ ஒரு பிறந்த நாளோ ஓர் எழுத்தோ மாறிப்போயிருக்கும். முதல் வகையால் ஒரு நாள் வேலை கெடும். இரண்டாம் வகையால் தகுதியுள்ள ஒருவருக்கு உதவித்தொகை கிடைக்காமலே போகும். அதன் காரணம் அவருக்கும் தெரியாது, அலுவலருக்கும் தெரியாது.

பொறி நின்றுபோகும்போது

ஓசையுள்ள கோளாறுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இவற்றில் பெரும்பாலானவை எளியவை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘நேற்று சரியாக இருந்த பொறியில் இன்று மாறியது எது?’ என்பதாகும். புதிதாக ஒரு மென்பொருள் ஏற்றப்பட்டதா, அறையைப் பெருக்கும்போது கம்பி இழுபட்டதா, இரவில் மின்சாரம் போய்வந்ததா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். மூன்று மாற்றங்களை ஒருசேரச் செய்து பொறி சரியானால், குணமாக்கியது எது என்பது தெரியாது. கெட்டால், கெடுத்தது எது என்பதும் தெரியாது.

‘அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்’ என்னும் அறிவுரை எல்லோரும் அறிந்ததே. ஆயினும் இதில் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8-இலிருந்து, விரைவாகத் துவங்கும் பொருட்டு, ‘ஷட் டவுன்’ கொடுக்கும்போது இயக்க மென்பொருளின் உட்பகுதி முழுவதும் அணைவதில்லை. அதன் நிலை தட்டில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இந்த வசதி செயல்படும் பொறியில் நேற்றைய குழப்பம் இன்றும் தொடரக்கூடும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் அனைத்தும் புதிதாகத் துவங்கும். நாள்தோறும் மாலையில் ஒழுங்காக அணைக்கப்படும் பொறி பல வாரங்களாக உண்மையில் புதிதாகத் துவங்காமலே இருந்திருக்கலாம்.

பொறி மெதுவாக இயங்கினால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் தோன்றும் பட்டியலைப் பார்க்க வேண்டும். எந்த நிரல் நினைவகத்தையும் தட்டையும் விழுங்குகிறது என்பதை அது காட்டும். தட்டில் இடம் அறவே தீர்ந்துபோனாலும் இதே நிலை நேரும். வேகத்தைக் கூட்டுவதாக விளம்பரப்படுத்தப்படும் இலவச மென்பொருள்களை ஏற்றுவது, தலைவலிக்கு மருந்தென்று தெருவில் விற்பதை வாங்கி உண்பதற்கு ஒப்பாகும்.

அச்சுப்பொறி ஒன்றும் செய்யாமல் நின்றால், வரிசையில் முன்னே நிற்கும் ஓர் ஆவணம் சிக்கிக்கொண்டு பின்னுள்ளவற்றை மறித்துக்கொண்டிருக்கக்கூடும். அதே ஆவணத்தை மீண்டும் மீண்டும் அச்சிட அனுப்புவதால் பயனில்லை. சிக்கல் தீர்ந்ததும் பத்துப் படிகள் வந்து விழும். வரிசையைக் காலி செய்துவிட்டு ஒருமுறை அனுப்புவதே முறையாகும்.

சிறியதாகத் தோன்றிப் பெருந்தொல்லை தரும் கோளாறு ஒன்று உண்டு. மேசைக் கணிப்பொறியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் பொறியின் கடிகாரத்தை அதுவே ஓட்டுகிறது. அது தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு நாள் காலையிலும் பொறி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். விளைவு கடிகாரத்தோடு நிற்பதில்லை. அரசு இணையதளங்கள் ‘பாதுகாப்பற்றவை’ என்று எச்சரிக்கை தோன்றும். மின்னணுக் கையொப்பம் ஏற்கப்படாது. தளத்தின் சான்றிதழுக்கும் கையொப்பத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பொறியின் கடிகாரப்படி அந்நாள் இன்னும் வரவேயில்லை. இணையத்தையும் தளத்தையும் குறை கூறும் முன்பு, திரையின் மூலையிலுள்ள தேதியைப் பார்த்துவிடுவது நலம். இந்த மின்கலம் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

பொறி துவங்கவே மறுக்கும்போது ‘சேஃப் மோட்’ எனப்படும் பாதுகாப்பு நிலை உதவும். இந்நிலையில் இன்றியமையாத பகுதிகளை மட்டும் கொண்டு பொறி துவங்குவதால், கோளாறு செய்யும் நிரலை வெளியிலிருந்து அகற்ற முடியும். இதன் பயனை உலகமே கண்ட நாள் 2024 ஜூலை 19 ஆகும். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பினால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானமேறும் அனுமதிச்சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். இவ்வளவு பெரிய முடக்கத்துக்குக் கைவசம் இருந்த தீர்வு, பொறியைப் பாதுகாப்பு நிலையில் துவக்கி அந்த ஒரு கோப்பை நீக்குவதே. எனினும், தட்டு முழுவதும் பூட்டிக் காக்கப்பட்ட பொறிகளில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலை உள்ளிடாமல் இந்த நிலைக்குச் செல்ல முடியவில்லை. திறவுகோல் எங்கே இருக்கிறது என்று அறியாதவர்கள் அதைத் தேடவே நெடுநேரம் செலவிட நேர்ந்தது. இந்த எண்ணைத் தாளில் எழுதி, முத்திரையிட்ட உறையில், இரும்புப் பேழையில் வைத்திருப்பது பழைய முறையாகத் தோன்றலாம். பயன்படும் முறை அதுதான்.

ஓசையுள்ள கோளாறுகளுள் ஒன்றை மட்டும் அலுவலர் தாமே சரிசெய்ய முயலக்கூடாது. நிலைவட்டிலிருந்து ‘டக், டக்’ என்ற ஒலி எழுந்தாலோ, பென் டிரைவைச் செருகியதும் அதை வடிவமைக்கட்டுமா என்று பொறி கேட்டாலோ, கைகளை எடுத்துவிட வேண்டும். பழுது நீக்கும் நிரல்கள் அத்தட்டின் மீதே எழுதுகின்றன. மீட்கக்கூடிய தகவல் அதனால் அழியக்கூடும். பொறிக்கு மாற்றுப் பொறி உண்டு. உள்ளே இருக்கும் பதிவுக்கு மாற்று இல்லை.

எழுத்துகள் உருமாறும்போது

இந்திய மொழிகளில் பணியாற்றும் அலுவலகங்களுக்கே உரிய கோளாறு ஒன்றுள்ளது. கோப்பைத் திறந்தால் தமிழோ இந்தியோ கன்னடமோ தெரிவதில்லை. கட்டங்களோ கேள்விக்குறிகளோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளோ தெரிகின்றன. இம்மூன்றும் ஒன்றென எண்ணுவது தவறு. மூன்றின் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

கட்டங்கள் தெரிந்தால் அச்சம் வேண்டா. எழுத்து பத்திரமாக உள்ளது. அதை வரைந்து காட்டத்தக்க எழுத்துரு அந்தப் பொறியில் இல்லை. எழுத்துருவை நிறுவினால் போதும்.

கேள்விக்குறிகள் தெரிந்தால் நிலைமை கடினமானது. இந்திய எழுத்துகளை அறியாத பழைய குறிமுறையில் யாரோ ஒருவர் கோப்பைச் சேமித்துவிட்டார். அந்தக் கணத்தில் ஒவ்வோர் எழுத்தும் உண்மையாகவே கேள்விக்குறியாக மாற்றப்பட்டுவிட்டது. எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது. எக்செல் மென்பொருளில் ஒரு பட்டியலைச் சாதாரண சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கும்போது இது நேர்கிறது. அதே பட்டியலில் சற்று மேலே ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்.-8’ என்று மற்றொரு வகை இருக்கிறது. அதைத் தேர்ந்தால் எழுத்து கெடாது. ஆகவே, கேள்விக்குறிகளைக் கண்டால் கோப்பை மீண்டும் சேமிக்காமல் மூடிவிட்டு, முந்தைய படியைத் தேட வேண்டும்.

பொருளற்ற எழுத்துகள் தெரிந்தால் இருவகைக் காரணங்கள் உண்டு. மேலே சாய்கோடு இட்ட சிறிய ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் மீண்டும் மீண்டும் வந்தால், அது யூனிகோட் தமிழேயாகும். யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று எண்களாகப் பதிவாகிறது. அவற்றை மூன்று தனி எழுத்துகளென்று மென்பொருள் தவறாகப் படித்துவிட்டது. பதிவில் பழுதில்லை. எக்செல்லில் வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பகுதி வழியாகக் கோப்பை வரவழைத்து, குறிமுறை யு.டி.எஃப்.-8 என்று சொன்னால் தமிழ் தோன்றிவிடும். லிப்ரே ஆஃபீஸ் மென்பொருள் இத்தகைய கோப்பைத் திறக்கும்போதே குறிமுறையைக் கேட்டுவிடுகிறது.

இரண்டாவது காரணம் பழையது; வரலாற்றோடு தொடர்புடையது. யூனிகோட் பரவுவதற்கு முன்பு, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் இந்திய எழுத்துகளின் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள் வழங்கின. தமிழில் பாமினி எழுத்துருவைக் கொண்டு ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால், கணிப்பொறியில் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. வட மாநில அலுவலகங்களில் பெருவழக்கான க்ருதி தேவ் எழுத்துருவில் ‘பாரத்’ என்னும் இந்திச் சொல் எச், கே, கே, ஜே, ஆர் என்ற ஐந்து எழுத்துகளாகப் பதிவாகிறது. அந்த எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்கு மொழி தெரியும். இல்லாத பொறியில் முகமூடி கழன்றுவிடும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க அரசு முயலாமல் இல்லை. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இஸ்கி குறிமுறை 1991-இல் இந்தியத் தரமாக வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில் 1999-இல் தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறிமுறைகளும் அறிவிக்கப்பட்டன. 2010 ஜூனில் யூனிகோடும் டேஸ் 16 குறிமுறையும் ஏற்கப்பட்டன. ஆனால், ஆணை புதிய கோப்புகளை ஆளுமேயன்றிப் பழைய கோப்புகளை மாற்றிவிடாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 7-ஆம் பிரிவில், மின்னணு ஆவணம் ஒன்று காக்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டுமானால் அது பிற்காலத்தில் எடுத்துப் பயன்படுத்தத்தக்க நிலையில் இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. எழுத்துருவின் பெயரே மறந்துபோன பழைய குறுந்தகடு ஒன்று பேழையில் பத்திரமாக இருப்பதால் மட்டும் இந்தத் தேவை நிறைவேறிவிடாது.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் பல உள்ளன. மூலக்கோப்பைத் தொடாமல் படியை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது முதல் விதி. மற்றொன்று பலர் கவனியாதது: ஒரே கோப்பில் தமிழோடு ஆங்கிலப் பெயர்களும் சட்டப் பிரிவு எழுத்துகளும் இருந்தால், மாற்றும் கருவி அவற்றையும் தமிழென்று எண்ணி மாற்றிவிடும். இடையில் பொருளற்ற தமிழ் தோன்றுமிடங்கள் இவ்வாறு உண்டானவையே.

யூனிகோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘ஔவை’ என்னும் பெயரின் முதலெழுத்தைச் சிலர் ஔகாரமாக உள்ளிடுவர். சிலர் ‘ஒ’வும் ‘ள’வுமாக இரண்டு எழுத்துகளாக உள்ளிடுவர். தாளில் வேறுபாடு தெரியாது. கணிப்பொறிக்கு இவை இரண்டு பெயர்கள். அவ்வாறே ‘கௌ’வின் பின்குறியும் ‘ள’வும், துணைக்காலும் ‘ர’வும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று உட்காருவதுண்டு. கௌசல்யா என்பவரின் பெயரைப் பட்டியலில் தேடி, ‘இல்லை’ என்று பொறி கூறினால், அவர் விண்ணப்பிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. பெயரைக்கொண்டு மட்டும் தேடாமல் பதிவெண்ணைக் கொண்டும் தேடுவதே பாதுகாப்பு.

விரிதாளில் மறையும் இலக்கங்கள்

ஓசையற்ற கோளாறுகளின் தாயகம் விரிதாளேயாகும். எக்செல் போன்ற மென்பொருள்கள் கணக்கிடுவதற்காக ஆக்கப்பட்டவை. எதைக் கண்டாலும் அதை எண்ணாகவோ தேதியாகவோ கொள்ள விரைகின்றன. நம் அலுவலகங்களிலோ அவை பதிவேடுகளாகப் பயன்படுகின்றன. இந்த இரு நோக்கங்களும் மோதுமிடத்தில் பயனாளி துன்புறுகிறார்.

வங்கிக் கணக்கு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அது பெயரளவில்தான் எண். அதைக் கூட்டுவாருமில்லை, கழிப்பாருமில்லை. ஆனால் விரிதாள் அதை எண்ணென்றே கொள்கிறது. முன்னால் பூச்சியங்கள் இருந்தால், மதிப்பற்றவை என நீக்கிவிடுகிறது. 11 இலக்கங்களுக்கு மேற்பட்டால் பதின்மடங்குக் குறியீட்டில் சுருக்கிக் காட்டுகிறது. இது காட்சி மாற்றம் மட்டுமே. பத்தியின் வடிவத்தை மாற்றினால் முழு எண் தெரிந்துவிடும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்டால்தான் தீங்கு. எக்செல் 15 இலக்கங்கள் வரையே துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16-ஆவது இலக்கம் எதுவாயிருந்தாலும் அது பூச்சியமாகிவிடும். சில வங்கிகளின் கணக்கு எண்கள் 16 இலக்கம் கொண்டவை. அத்தகைய வங்கியில் கணக்கு வைத்துள்ள ஐம்பது மாணவர்களின் கல்வி உதவித்தொகைப் பட்டியலில், ஐம்பது எண்களும் பூச்சியத்தில் முடிகின்றன என்றால், அது தற்செயலாக நேர்ந்ததன்று.

நேரடிப் பயன்மாற்றத் திட்டம் 2013 ஜனவரியில் தொடங்கியது முதல், பணம் இடையில் எவர் கையையும் தொடாமல் கணக்கைச் சென்றடைகிறது. ஆதார் எண்ணைக் கொண்டு செலுத்தும் முறையில் ஓரளவு காப்பு உண்டு. அந்த 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கென்றே அமைந்தது. ஓர் இலக்கம் மாறினாலும் பிழை வெளிப்பட்டுவிடும். கணக்கு எண்ணைக் கொண்டு செலுத்தும்போது இத்தகைய பொதுக் காப்பு இல்லை. பிழையான எண்ணில் கணக்கு இல்லையேல் பணம் திரும்பி வரும். அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால், பணம் அவருக்குச் சென்றுவிடக்கூடும். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ். குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூச்சியமே; அங்கே ஆங்கில ‘ஓ’ எழுத்தை இட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அஞ்சல் குறியீட்டு எண் மட்டும் இந்தத் தொல்லைகளிலிருந்து தப்பிக்கிறது. 1972-இல் அதை வகுத்தவர்கள் எந்த வட்டாரத்துக்கும் பூச்சியத்தை முதலில் வைக்கவில்லை.

இதற்கு மருந்து எளிது. ஆனால் முன்கூட்டியே தரப்பட வேண்டும். எண்களை உள்ளிடுவதற்கு அல்லது ஒட்டுவதற்கு முன்பே அப்பத்தியை முழுவதுமாகத் தேர்ந்து, அதன் வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். இலக்கம் போன பின்பு மாற்றினால் போன இலக்கம் வாராது. பத்தியை இவ்வாறு சரியாக அமைத்தவரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. சி.எஸ்.வி. கோப்பில் இலக்கங்கள் மட்டுமே இருக்கும். வடிவம் பற்றிய குறிப்பு எதுவும் இராது. ஆகையால், சரியாகச் சேமித்த சி.எஸ்.வி. கோப்பை மற்றோர் அலுவலகத்தில் இரட்டைச் சொடுக்கில் திறந்தவுடனே பூச்சியங்கள் உதிர்ந்துவிடும். ‘சரியாக இருக்கிறதா பார்க்கலாம்’ என்று திறந்தவர் பழக்கத்தால் சேமித்தும் விடுவார். எக்செல்லின் அண்மைப் பதிப்புகளில் இந்தத் தானியங்கு மாற்றங்களை நிறுத்திவைக்கும் விருப்பம் தரப்பட்டுள்ளது. பழைய பதிப்புகளில் ‘டேட்டா’ வழியாக வரவழைத்து, அப்பத்தியை எழுத்து வகை என்று குறிப்பதே வழி.

தேதி இதனினும் வஞ்சகமானது. கணிப்பொறியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், மாதம் முதலிலும் நாள் அடுத்தும் வருவதாகப் பொறி கொள்ளும். 1966 ஜனவரி 12 அன்று பிறந்த ஒருவருக்கு ‘12-01-1966’ என்று எழுத்தர் உள்ளிடுகிறார். பொறி அதை 1966 டிசம்பர் 1 என்று எடுத்துக்கொள்கிறது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் தகுதி வயது 60. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள அம்முதியவர் இந்தப் பிழையால் பத்து மாதங்களுக்கு மேல் தகுதியற்றவராகிவிடுகிறார். எந்த எச்சரிக்கையும் தோன்றுவதில்லை.

‘25-03-1966’ என்று உள்ளிட்டால் நிலைமை வேறு. 25-ஆவது மாதம் இல்லையாதலால், பொறி அதைத் தேதியென்று ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. ஆக, ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். எழுத்தர் இடப்பக்கம் நிற்பவற்றைப் பிழையென்று எண்ணித் திருத்தத் தொடங்குகிறார். உண்மையில் அவையே பழுதற்றவை. ஒழுங்காக நிற்கும் வலப்பக்கத் தேதிகளில்தான் நாளும் மாதமும் இடம் மாறியுள்ளன. பட்டியலைத் தொடங்கும் முன் விண்டோஸ் அமைப்பில் வட்டாரத்தை ‘இந்தியா’ என்று வைப்பதும், நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் வாங்குவதும் நல்ல காப்பு.

இந்தத் தொல்லை எழுத்தர்களுக்கு மட்டும் உரியதன்று. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களின் பெயர்களைப் போலிருந்ததால், விரிதாள் அவற்றைத் தேதிகளாக மாற்றி ஆய்வுக் கட்டுரைகளையே குலைத்து வந்தது. 2020-இல் மரபணுப் பெயரிடும் சர்வதேசக் குழு, மென்பொருளைத் திருத்தக் காத்திராமல், மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் பெயர்கள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தது தெரியவந்தது. பழைய எக்செல் கோப்பு வகை ஒன்றில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிகுந்தவை ஓசையின்றிக் கழன்றுபோயின. அவர்களோடு தொடர்பிலிருந்தவர்களை எச்சரிப்பது அதனால் நாட்கணக்கில் தாமதமாயிற்று.

வரிசைப்படுத்துதலும் பொருத்தித் தேடுதலும் மேலும் இரண்டு ஆபத்தான இடங்கள். பெயர்ப் பத்தியை மட்டும் அகரவரிசைப்படுத்தி, கணக்கு எண் பத்தியை விட்டுவிட்டால், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வேறொருவரின் கணக்கு நிற்கும். பத்திகள் அடுத்தடுத்து இருந்தால் எக்செல் எச்சரிக்கும். அழகுக்காக இடையில் ஒரு வெற்றுப் பத்தி விடப்பட்டிருந்தால் எச்சரிக்காது. ஆதலால் பட்டியலுக்குள் வெற்றுப் பத்தி விடலாகாது. ‘வி லுக்கப்’ கட்டளையில் நான்காவது பகுதியை எழுதாமல் விட்டால், துல்லியமாகப் பொருந்துவது கிடைக்காதபோது, ‘இல்லை’ என்று கூறாமல் அருகிலுள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும். அவ்விடத்தில் ‘ஃபால்ஸ்’ என்று எழுதுவது கட்டாயம்.

பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கூட்டலையும் எழுதி அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்லும் கணக்கர்களின் பழைய பழக்கம் இங்கே கைகொடுக்கும். எந்த மாற்றத்துக்கு முன்பும் பின்பும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: மொத்த வரிகள், மொத்தத் தொகை. இரண்டும் ஒத்திருந்தால், எவரும் விடுபடவில்லை என்பது உறுதி. ஆனால் எவரும் இடம் மாறவில்லை என்பதற்கு இது சான்றாகாது. அதற்கு முதலிலும் நடுவிலும் இறுதியிலுமாகச் சில வரிகளை எடுத்து, காகித விண்ணப்பத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

படி எடுத்தல்

இவ்வகைப் பிழைகள் பெரும்பாலும் பல வாரங்கள் கழித்தே தெரியவருகின்றன. ஒரே ஒரு படியை வைத்துக்கொண்டு அதன் மீதே நாள்தோறும் எழுதிவந்தால், பிழையும் படியெடுக்கப்பட்டு, சரியான பட்டியல் எங்குமில்லாமல் போகும். ஆகவே கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணிட்டு, மாதந்தோறும் ஒரு படியைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது முறை. இந்த வரிசையில் எண்ணிட்டால் கோப்புகள் தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும்.

படிகளுள் ஒன்றாவது கணிப்பொறியோடு இணைக்கப்படாமல் இருத்தல் வேண்டும். 2017 மே மாதத்தில் பரவிய வானாகிரை என்னும் தீநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இணைந்தே இருக்கும் தட்டில் வைத்த படியையும் இத்தகைய நிரல் விட்டுவைக்காது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதை ஏற்றிக்கொள்ளாத பொறிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத அத்தகைய பொறிகளில் பயனாளிப் பட்டியல்களைக் கையாளுவது இப்போது கூடுதல் இடருடையது.

எடுத்த படி திறக்கிறதா என்பதைத் திறந்து பார்த்தே அறிய முடியும். காலாண்டுக்கு ஒருமுறை, சென்ற காலாண்டின் படியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, வேறொரு பொறியில் திறந்து, எழுத்துகள் தெரிகின்றனவா, கணக்கு எண்களின் முன்பூச்சியங்களும் இறுதி இலக்கங்களும் உள்ளனவா, வரிகளின் எண்ணிக்கை குறித்துவைத்த எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பார்த்தவர் பதிவேட்டில் நாளிட்டுக் கையொப்பமிட வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும்.